மலர்விழியின் அல்லி

12.2.1988, வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து, சாப்பிட்டுவிட்டுக் கொல்லைப்பக்கம் போனேன். உடைந்த சிமெண்ட் தொட்டியில் இருக்கிற அல்லிக்கு இடம் போதவில்லை. இலைமேல் இலை ஏறிக் கிடக்கிறது. வேர் விரிசல் வழியாக வெளியே வந்துவிட்டது. போன வருஷம் பூக்கவே இல்லை.

மலர்விழி ஏழாவது படிக்கும்போது கோமுகி அணைப் பக்கத்திலிருந்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்து நட்ட கிழங்கு இது. அவள் அம்மா ராஜாம்பாள் எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வந்த நாளிலிருந்து அவளும் கூடவே வருவாள். "பாய், இதுக்கு ஒரு கொளம் கட்டுங்க பாய்" என்று எத்தனை தடவை கேட்டிருப்பாள்! "உன் கல்யாணத்துக்குச் சீரா கட்டித் தரேன், போ" என்று கேலி பேசுவேன். கல்யாணம் ஆனது. அவள் செத்துப்போயும் ஐந்து மாதம் ஆகிறது.

குளம் கட்டப்போகிறேன் என்று ஷர்புன்னிசாவிடம் சொன்னேன். "இரும்புக்கடைக்காரருக்குத் திடீர்னு இன்னா பூப்பைத்தியம்?" என்றாள். என் பெண்டாட்டிக்கு உருது மட்டும்தான் படிக்கத் தெரியும். இந்த நோட்டை நான் தமிழில் எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம்.

14.2.1988

அளந்தேன். பத்தடிக்கு எட்டடி. கொய்யா மரத்துக்கும் துவைக்கிற கல்லுக்கும் நடுவில்.

21.2.1988, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். வேறு யாரிடம் சொல்ல?

போன செப்டம்பர், இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரம். அதற்கு முதல் நாள் கொளஞ்சியப்பன் கடைக்கு வந்தான். கரும்பு போடுகிறவன், இருபது வருஷ வாடிக்கை. "பாய், அந்த ரெண்டாள் ரம்பத்த ஒரு வாரம் குடுங்க. வேலை முடிஞ்சதும் கொண்டாந்துடறேன்" என்றான். எதற்கென்று நான் கேட்கவில்லை. தெரியும். கடைத்தெருவுக்கே தெரியும். அவர்கள் கேட்டது தப்பு என்றும் சொல்லமாட்டேன். அவன் பையன் படித்துவிட்டு எத்தனை வருஷமாக வேலைக்கு எழுதிப் போட்டுக்கொண்டிருக்கிறான். ஆனாலும், இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாமே? பயமா? பழக்கமா? இரண்டும்தான்.

மூன்றாம் நாள் கச்சிராயபாளையம் ரோட்டில் புளியமரம் அறுபட்டுக் குறுக்கே கிடந்தது. பிரசவ வலி வந்த மலர்விழியைக் கயிற்றுக் கட்டிலோடு வேனில் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள் அந்த மரத்தோடு நின்றுவிட்டார்கள். கட்டிலோடு தூக்கிக்கொண்டு கரும்புக் கொல்லைக்குள் இறங்கி நடந்திருக்கிறார்கள். வழியிலேயே குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது மலர்விழிக்கு மூச்சில்லை. குழந்தை பிழைத்துக்கொண்டது.

அடுத்த வாரம் கொளஞ்சியப்பன் ரம்பத்தைத் திருப்பிக் கொடுத்தான். "கச்சிராயபாளையம் ரோட்டுப் புளி பாய், இன்னா வைரம்! ரெண்டு பேரு கையும் காப்பு காச்சிப்போச்சி" என்று சிரித்தான். அவனுக்கு மலர்விழி யாரென்றே தெரியாது. எனக்குத் தெரியும்.

ராஜாம்பாளிடம் சொல்ல வேண்டும். நாளைக்குச் சொல்லிவிடுகிறேன்.

22.2.1988

சொல்லவில்லை.

6.3.1988, ஞாயிறு

கூலிக்கு வந்த பாவாடை மூன்று நாளில் குழி வெட்டி முடித்தான். கட்ட வந்தவர் வாஜித் கொத்தனார். இந்தச் சுற்றுவட்டாரத்தில் பள்ளிவாசல்களுக்கு ஹவுள் கட்டுகிறவர் அவர்தான். தொழுகைக்கு முன்னால் உட்கார்ந்து கைகால் கழுவுகிற அந்தத் தொட்டியைத் தவிர, தண்ணீர் நிற்கிற வேறு எதையும் அந்த மனிதர் கட்டியதே இல்லை. அது எனக்கு முன்னாலேயே உறைத்திருக்க வேண்டும். கடையை அடைத்துவிட்டு வந்து பார்த்தால், நாலு பக்கமும் தூக்குக்குண்டு பிடித்த செங்குத்துச் சுவர். மார்பளவு ஆழம். சுற்றிலும் உட்காரக் கல்.

"இன்னாய்யா இது? என் வூட்டுக் கொல்லையில ஜமாத்தே வந்து ஒளு செய்யப் போவுதா?"

"தண்ணி நிக்கணும்னா இப்டித்தான் கட்டணும் பாய். என் கை இதுக்குத்தான் பழகிக்கினு கீது."

ஷர்புன்னிசா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். புதுச் சுவரை உடைக்கச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இருந்துவிட்டுப் போகட்டும்.

2.4.1988

சிமெண்ட் காரம் போனால்தான் மீன் தங்கும், செடி தங்கும். சாணியையும் வாழைத்தண்டையும் போட்டு ஊறவைத்து, இறைத்து, மறுபடி நிரப்பி — இது மூன்றாவது தடவை. வாழைத்தண்டை நறுக்கியது ராஜாம்பாள். மலர்விழி பெற்றுவிட்டுப்போன பேத்தி செல்லியம்மாளைக் கொய்யாக் கிளையில் தூளி கட்டிப் போட்டிருந்தாள்.

"எம் பொண்ணு இருந்திருந்தா இந்தக் கொளத்துலயே குடியிருந்திருக்கும்" என்றாள். கொஞ்ச நேரம் நறுக்கிக்கொண்டே இருந்தாள். பிறகு தலை நிமிராமலே கேட்டாள்: "மரத்த அறுத்தானுங்களே, அவனுங்க கை வெளங்குமா பாய்?"

நான் இறைத்துக்கொண்டிருந்த வாளி கையிலேயே நின்றது. அல்லாஹ்வே, அப்போது வாயைத் திறந்திருக்கக் கூடாதா நான்? "தண்ணி பத்தல" என்று சொல்லிவிட்டுக் கிணற்றுப் பக்கம் போய்விட்டேன். வெட்கங்கெட்டவன்.

17.4.1988

அல்லியை இறக்கினேன். கொசுப்புழுவைத் தின்ன நாலு கெண்டைக் குஞ்சு விட்டேன். நாளையோ மறுநாளோ நோன்பு.

9.5.1988

காலையில் குளத்தில் அணில் செத்து மிதந்தது. இது மூன்றாவது. தண்ணீர் குடிக்க இறங்குகிறது, ஏறப் பிடிப்பு இல்லை. சுவரில் படிந்த பாசியில் நகக் கீறல் சுற்றிச் சுற்றி இருக்கிறது. நாலு சுவரையும் முயன்று பார்த்திருக்கிறது.

ராஜாம்பாள் வருவதற்குள் கொய்யா மரத்தடியில் புதைத்தேன். ஏன் ஒளிக்கிறேன்? அணில்தானே!

தவளைகள் வேறு வந்து சேர்ந்துவிட்டன. ஒன்று இழுக்க, எதிர்மூலையில் இன்னொன்று இழுக்க — இரண்டு ஆள் ரம்பம் போடுகிற சத்தம் அச்சு அசலாக. காதைப் பொத்திக்கொண்டால் இன்னும் ஜாஸ்தியாகக் கேட்கிறது. ஷர்புன்னிசா, "மழை வரப்போவுது, அதான் கத்துது" என்கிறாள்.

28.5.1988

இன்று பக்கத்து வீட்டுக் கோழிக்குஞ்சு.

19.6.1988, ஞாயிறு

பூத்துவிட்டது. வெள்ளை. வெயில் ஏறினால் மூடிவிடும் என்பதால் ராஜாம்பாள் வந்ததும் வராததுமாகக் கூட்டிப்போய்க் காட்டினேன். கல்லில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவே இல்லை. பூ மூடுகிற வரைக்கும் அழுதாள்.

"யாரு பாய் செய்வாங்க இந்தக் காலத்துல? பெத்தவ நானே அந்தக் கெழங்க மறந்துட்டேன். நீங்க மறக்கல."

மறந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்! இவளுக்காகத்தான் கட்டினேனா, இல்லை, வாயை மூடிக்கொண்டே இருப்பதற்காகக் கட்டினேனா?

இன்று கடையில் ஒருவர் பெரிய ரம்பம் கேட்டார். இல்லை என்று சொல்லி அனுப்பினேன். அது உள்ளே, சாக்குக்கு அடியில் கிடக்கிறது.

14.8.1988, ஞாயிறு

எழுத்து கோணல்மாணலாக வருகிறது. பரவாயில்லை.

காலையில் கொய்யா பறித்துக்கொண்டிருந்தேன். ராஜாம்பாள் துவைக்கிற கல்லில் முதுகைக் காட்டி நின்றாள். செல்லி தவழ்ந்து வந்து, உட்காருகிற கல்மேல் ஏறி, மீனைப் பார்த்துக் கையை நீட்டியது — நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், கால் நகரவில்லை — விழுந்துவிட்டது. ஒரு சத்தம்கூட இல்லை. எப்படிக் குதித்தேனோ தெரியாது. குழந்தையைத் தூக்கித் தலைக்குமேல் பிடித்துக்கொண்டேன். அது இருமி, வீரிட்டு அழுதது. கரையில் விட்டால் மறுபடி உருண்டு விழுந்துவிடும். ஏறலாம் என்றால் எங்கே ஏறுவது? எங்கே காலை வைத்தாலும் வழுக்குகிறது. அந்த அணில்களைப் போல நானும் சுற்றிச் சுற்றி வந்தேன். "ராஜாம்பா! ராஜாம்பா!" என்று கத்தினேன். ஓடிவந்து குழந்தையை வாங்கினாள். அப்புறம் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து ஏற்றினாள்.

ஏறினதும் என் காலில் விழுந்தாள். சொட்டச் சொட்ட நிற்கிற என் காலில்! "என் கொலதெய்வம் பாய் நீங்க. பொண்ண வாரிக் குடுத்தேன், இதையும் குடுத்திருப்பேனே..."

எனக்குத் தாங்கல. சொல்லிட்டேன். ரம்பம் என்னுதுன்னு சொல்லிட்டேன். எதுக்குன்னு தெரிஞ்சேதான் குடுத்தேன், அந்த மரந்தான், அவனே என்கிட்ட சொன்னான் — எல்லாத்தையும்.

குழந்தையின் தலையை முந்தானையால் துவட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். துவட்டி முடித்ததும், "அந்த ரம்பத்தத் திருப்பிக் குடுத்தாங்களா?" என்றாள்.

"குடுத்தாங்க."

"அப்பவே எம் பொண்ணு செத்தது ஒங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"வாங்கி இன்னா பண்ணீங்க?"

பொய் வாய்வரைக்கும் வந்தது. "தொடச்சி, எண்ணெ போட்டு வச்சேன். துரு புடிக்காம இருக்க."

பாதி துவைத்த துணியை அப்படியே விட்டுவிட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

15.8.1988

வரவில்லை.

22.8.1988

வரவில்லை. "அவள இன்னா சொன்னீங்க?" என்று ஷர்புன்னிசா துளைத்து எடுத்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். அவளும் என்னோடு பேசவில்லை. சோற்றை வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

28.8.1988, ஞாயிறு

வாஜித்தைக் கூப்பிட்டு ஒரு பக்கச் சுவரை உடைத்துச் சரிவாக்கச் சொன்னேன். "நல்ல செவுத்த ஒடைக்கச் சொல்றீங்களே பாய்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். கடப்பாரையை வாங்கி நானே முதல் குத்துக் குத்தினேன். மார்ச்சிலேயே செய்திருக்க வேண்டிய வேலை.

இத்தனைக்கும் அல்லி வாடவில்லை. ஒரு மூலையில் கிடந்த தண்ணீரிலேயே இரண்டு மொட்டு விட்டிருக்கிறது.

11.9.1988, ஞாயிறு

ராஜாம்பாள் வந்தாள். இடுப்பில் செல்லி, கையில் அலுமினிய அன்னக்கூடை. என்னைப் பார்க்கவே இல்லை. குழந்தையைத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, சரிவு வழியாகக் குளத்தில் இறங்கி, சேற்றில் கையைவிட்டு அல்லியைக் கிழங்கோடு எடுத்தாள். சேற்றையும் அள்ளிக் கூடையில் வைத்தாள். ஷர்புன்னிசா வாசற்படியில் வந்து நின்றாள்.

"எம் பொண்ணு வச்சது பீபிம்மா. எடுத்துக்கினு போறேன்."

கூடை நல்ல பாரம். சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்துக்கொண்டு, தூக்கிவிட ஆள் தேடினாள். நான் கொய்யா மரத்தடியில் நாலு எட்டு தூரத்தில்தான் நின்றிருந்தேன். போய்க் குனிந்து கூடையின் காதைப் பிடிக்கப் போனேன். அவள் கூடையை நகர்த்தவில்லை. என் கையைப் பார்த்தாள். இரண்டு கையையும் பார்த்தாள். நான் பின்வாங்கினேன்.

"பீபிம்மா, ஒரு கை குடுங்க" என்றாள்.

ஷர்புன்னிசா இறங்கி வந்து தூக்கிவிட்டாள். செல்லியையும் எடுத்து அவள் இடுப்பில் வைத்தாள். குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. அவர்கள் பின்வாசலைத் தாண்டிப் போகிற வரைக்கும் நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அங்கேயே நின்றேன்.