பெல்ட்டில் சிக்கிய கரி

இடம்: நெருப்பெரிச்சல்

அன்புள்ள நதியாவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்ததா? பாப்பா ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறாளா? போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். பயப்படாதே, எனக்கு அடி எதுவும் படவில்லை.

எங்கள் சாயப்பட்டறையில் பாய்லருக்கு நிலக்கரி கொண்டுபோகும் பெல்ட்டை நான்தான் ஓட்டினேன். கரி சிந்தாமல் தடுக்கும் ஓர ரப்பர் தேய்ந்துபோயிருந்தது. மாற்றுவதற்குப் பெல்ட்டை நிறுத்தினால் சூப்பர்வைசர் கத்துவார் என்று தள்ளிப்போட்டேன். கீழே கொட்டியதைக் கூட வேலை செய்யும் செல்லாத்தாள் அக்கா அள்ளிக்கொண்டே இருந்தார். திங்கட்கிழமை ஒரு கரிக்கட்டி உருளைக்கும் பெல்ட்டுக்கும் நடுவே சிக்கி, பெல்ட் நீளமாகக் கிழிந்துவிட்டது.

"யாரால ஆச்சு?" என்று மேனேஜர் கேட்டார்.

"அக்கா சரியாக் கூட்டலை சார்" என்று சொல்லிவிட்டேன்.

அக்காவை வேலையை விட்டு நிற்கச் சொன்னார்கள். அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். "சரிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, சோற்றுப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மேனேஜரிடம் உண்மையைச் சொன்னேன். அக்காவைத் திரும்ப அழைத்தார்கள். ரப்பரும் மாற்றியாகிவிட்டது. இப்போது பெல்ட்டை வேறொருவர் ஓட்டுகிறார், நான் அக்காவோடு கரி அள்ளுகிறேன். "மூக்குல துணி கட்டிக்குங்க தம்பி, தூசி ஆகாதுங்க" என்கிறார். அவர் முகத்தை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

மூக்கில் கட்டிக்கொள்ள உன் பழைய சேலையில் ஒரு துண்டு கிழித்து அனுப்பு. இங்கே துணிக்குப் பஞ்சமில்லை, ஆனாலும் அனுப்பு.

வேலைக்குப் போகும் வேன் வந்துவிட்டது. பாப்பாவிடம் இதைச் சொல்லாதே, ஊருக்கு வரும்போது நானே சொல்கிறேன்.

உன்
ஜெயபாண்டி