அப்பன் இலையில் ஒரு வாய்

நவம்பர் 11, செவ்வாய்

விடிந்ததிலிருந்து மழை. தேயிலைத் தோட்டத்து லய வீடு, கூரை ஒழுகுகிறது. அடுப்படியில் சட்டி வைத்தேன்.

நாளை என் வீட்டுக்காரருக்குக் கருமாதி. நாளை மறுநாள் மகன் ரவிக்குப் பதுளை ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுக் குடல் பார்க்கும் தேதி. அவர் உயிரோடு இருக்கும்போதே டாக்டர் எழுதிக் கொடுத்தது. தகப்பனுக்குக் குடலில் புற்றுநோய் என்றால் மகனும் காட்ட வேண்டுமாம்.

வாங்க வேண்டியது: அரிசி, பருப்பு, பலாக்காய் (அவருக்குப் பிடித்தது), சூடம், வாழையிலை.

ரவிக்கு நாளை முழுக்கச் சாப்பாடு கிடையாது. பால் போடாத பிளேன்டீ, வடித்த சூப்பு, தண்ணீர். பிறகு பேதி மருந்து. வயிற்றில் சோறு கிடந்தால் உள்ளே ஒன்றும் தெரியாதாம்.

"எனக்கு ரத்தமும் போகல, வலியும் இல்ல. எதுக்கும்மா?" என்கிறான்.

அவருக்கு ரத்தம் போனது. மூலம், மூலம் என்று சொல்லிச் சொல்லியே... எழுத முடியவில்லை.

நவம்பர் 12, புதன்

மழை விட்டது. குளிர். சனம் நிறைய. படையல் போட்டாச்சு.

ரவியின் பெரியப்பா, அவருடைய கூடப்பிறந்த அண்ணன், இலையிலிருந்து சோற்றைப் பிசைந்து நீட்டினார்.

"ஒரு வாய்டா. அப்பன் எலையில மகன் கை வைக்காட்டி அவன் பசியோட போவான்."

"சாப்பிடக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருங்க" என்றேன்.

"டாக்டரா கொள்ளி வச்சாரு?"

ரவி கையை நீட்டிவிட்டான். பறித்து என் வாயில் போட்டுக்கொண்டேன். பலாக்காய். மெல்லாமல் விழுங்கினேன்.

"புருஷன முழுங்குனது பத்தலையா ஒனக்கு?"

கை கழுவிக்கொண்டு போய்விட்டார். சாப்பிடவில்லை. எல்லாரும் என்னையே பார்த்தார்கள்.

உடனே பஸ். இங்கே ஆறு வீட்டுக்கு ஒரு கக்கூஸ், பேதி மருந்தைக் குடித்துவிட்டு வரிசையில் நிற்க முடியுமா? ஹாலிஎலயில் தங்கச்சி வீட்டில் உள்ளேயே இருக்கிறது. அங்கே குடித்தான். ஓடினான். குடித்தான். ஓடினான்.

"மவனே, கதவையே கழட்டி வச்சிரவா?" என்றாள் தங்கச்சி. ரவி சிரித்தான்.

சாமி, இந்தச் சிரிப்பையாவது எனக்கு விட்டு வை.

நவம்பர் 13, வியாழன்

பதுளை. வெயில். பெஞ்சில் காத்திருந்தேன். டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். கூப்பிட்டதும் உள்ளே போனேன்.

"ரெண்டு சின்னக் கட்டி இருந்தது அம்மா. பொலிப் எண்டு சொல்லுறது. எடுத்துப்போட்டன்."

"புற்றுநோயாங்க?"

"பாத்த அளவில அப்பிடித் தெரியேல்ல. சோதனைக்கு அனுப்பியிருக்கு, முடிவு வரட்டும். எல்லாப் பொலிப்பும் புற்றுநோயா மாறாது. சிலது வருசக்கணக்கில மெல்ல மாறும். எது மாறுமெண்டு முதலே சொல்லேலாது. அதுதான் எடுக்கிறது. இனியும் இடைக்கிடை வந்து காட்ட வேணும்."

"அவருக்கும் மொதல்ல இப்படித்தான் இருந்திருக்குமாங்க?"

பேனாவை மூடி வைத்தார். "அப்பிடித்தான் துவங்கியிருக்கும், அம்மா."

அப்போதே கிள்ளி எறிந்திருக்கலாம். கொழுந்து கிள்ளுகிற மாதிரி. அவ்வளவுதான். அவ்வளவுதானா?

கிளம்பும்போது கேட்டார்: "அவருக்குச் சகோதரங்கள் இருக்கினமோ? அவையும் காட்ட வேணும்."

திரும்பும் வழியில் பெரகல சந்தியில் பஸ் நின்றது. ரவி ரெண்டு ரொட்டி தின்றான். அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 14, வெள்ளி

மூடுபனி. வேலைக்குப் போகவில்லை. பெரியப்பா வீட்டுக்குப் போனேன். என்னைக் கண்டதும் கதவைச் சாத்தினார். வெளியில் நின்றே சொன்னேன். லயமே கேட்கட்டும்.

"நீங்களும் பாக்கணுங்க. தம்பி மாதிரிப் போயிராதீங்க!"

"என் எலையிலயும் பிடுங்கித் திங்க வந்துட்டியா?"

தட்டினேன். கத்தினேன். கை வலித்தது. திறக்கவில்லை.

திரும்பி வரும்போது, மலைத் தண்ணீர் விழும் பீலியில் அவர் பெண்சாதி. குடம் நிறைந்து வழிகிறது, எடுக்கவில்லை. யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டாள்.

"ரத்தம் போனாத்தான் காட்டணுமா புள்ள? போகாட்டியுமா?"

"ரவிக்குப் போகவே இல்லக்கா. ஆனா ரெண்டு கட்டி இருந்துச்சு."

குடத்தை அங்கேயே விட்டுவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.