புகையைப் பார்த்துச் சாத்திய கேட்

ஏனுங்க,

கூப்பிட்டால் "என்ன அம்மணி" என்று கேட்க நீங்கள் இல்லை. தெரியும். இருந்தாலும் கை அப்படித்தான் எழுதுகிறது. மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்த நாலெழுத்து இதற்காவது ஆகட்டும்.

காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய் எட்டு மாதம் ஆகிறது. உங்கள் ரயில்வே கேட்டை எனக்கே கொடுத்தார்கள், வீட்டையும் விட்டுவைத்தார்கள். அதற்குள் மதுக்கரைப் பக்கமிருந்து போத்தனூர் வரைக்கும் பழைய தண்டவாளத்தைப் பிடுங்கிக் கனத்த தண்டவாளம் போட்டுவிட்டார்கள். முன்னைவிட வேகமாக ஓடும் பெரிய எஞ்சின்களும் வந்துவிட்டன. சர்க்கார் எவ்வளவு செய்கிறது பார் என்று ஊரே மெச்சுகிறது. எனக்குத்தான் பிடிக்கவில்லை. மெயில் போகும்போது அடுப்பின் மேல் சட்டி ஆடுகிறது.

நீங்கள் எப்படிச் சாத்துவீர்கள்? நேர அட்டவணை பாட்டுக்கு ஆணியில் தொங்கும். வேலமரங்களுக்கு மேலே புகை தெரிந்த பிறகு எழுந்து, வாய் கொப்பளித்துவிட்டு, ஆற அமரப் போய்ச் சாத்துவீர்கள். அப்புறமும் வண்டி வர நேரம் இருக்கும். நானும் அப்படியேதான் செய்தேன். வேறு மாதிரி செய்தால் நீங்கள் நிஜமாகவே இல்லாமல் போய்விடுவீர்களோ என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு.

செவ்வாய்க்கிழமை காலை புகையைப் பார்த்துத்தான் எழுந்தேன். ஒரு பக்கம் சாத்துவதற்குள் எஞ்சின் வளைவுக்கே வந்துவிட்டது! தண்டவாளத்தின் மேலே ஒரு கூண்டு வண்டி. உள்ளே நிறைமாதப் பெண், பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறவள். ஓட்டிவந்த அவள் அப்பா அதட்ட அதட்ட மாடுகள் மிரண்டு நின்றுவிட்டன. கொடிக்குச்சியால் மாறி மாறி அடித்தேன். ஐயோ மாதாவே, வண்டி இறங்கியதும் எஞ்சின் கடந்ததும் ஒன்றாக நடந்தன.

அவள் அப்பா, அந்தக் கவுண்டர், வேட்டியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போச்சாது உடு அம்மணி. ஆருகிட்டயும் சொல்லிப்போடாத. இருக்கற ஊடும் போயிரும்" என்றார். அந்தப் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. சொன்னால் பிள்ளைகள் இரண்டையும் இழுத்துக்கொண்டு எங்கே போவேன்? சொல்லாவிட்டால்? அடுத்த கேட்டிலும் அதற்கடுத்த கேட்டிலும் புகையைப் பார்த்துத்தானே சாத்துகிறார்கள்?

இன்று இன்ஸ்பெக்டர் டிராலியில் வந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நோட்டில் எழுதிக்கொண்டார்.

"அட்டவணையப் பாத்துச் சாத்தச் சொல்லி எல்லாக் கேட்டுக்கும் தாக்கல் அனுப்பறேன். உன்ற வேலையப் பத்தி, ஊட்டப் பத்தி நான் ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. மேலதான் முடிவு பண்ணோணும்" என்றார். பிறகு நிமிர்ந்து பார்த்தார். "இந்தப் பழக்கம் ஆரு கத்துக்குடுத்தது? உன்ற ஊட்டுக்காரனா?"

"இல்லீங்கய்யா. அவரு அட்டவணைய உட்டு ஒரு நிமிசம் தவற மாட்டாருங்க. நாந்தானுங்க இப்படிச் செஞ்சுபோட்டேன்."

பொய்தான். ஞாயிற்றுக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்லிக்கொள்கிறேன். அதையும் இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டு போய்விட்டார். இனி அந்த நோட்டில் நீங்கள் நல்லவர்.

பதில் எப்போது வருமோ தெரியவில்லை. ஆனால் ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இந்தக் கேட் என் கையில் இருக்கிற வரைக்கும் கடிகாரத்தைப் பார்த்துத்தான் சாத்துவேன். உங்களைப் போல் சாத்தவே மாட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என்றும் உங்கள் பயந்தாங்கொள்ளிப் பெண்டாட்டி,
ஞானம்மா