மதர்போர்டுக்கு வைத்த பொட்டு

வெள்ளி, இரவு.

"அதன் மேல் சந்தனம் வைக்காதே" என்று அண்ணனிடம் நான் சொல்லவில்லை. அம்மா கற்பூரத் தட்டோடு நின்றாள், அவள் முன் எப்படித் தடுப்பது? எனக்குக் கோபம் இன்னும் ஆறவில்லை.

நைனார்பாளையத்தின் ஏறி இறங்கும் மின்சாரத்தைத் தாங்கும் கணினி மதர்போர்டு எதுவென்று ஒரு மாதம் படித்துத் தேர்ந்தெடுத்தவள் நான். கள்ளக்குறிச்சிக் கடைக்காரர் அண்ணனிடம் மட்டுமே பேசினார்: "தங்கச்சிக்குத் தானே சார்? லைட்டு எரியறதா எடுத்துக்கோங்க, அழகா இருக்கும்." நான் கேட்டதையே வாங்கினேன். திங்கட்கிழமை, வீட்டிலிருந்தே செய்யும் வேலையில் சேர எனக்கு அந்தக் கணினி வேண்டும்.

நான் பொருத்தி முடித்ததும் அண்ணன் மதர்போர்டின் மேலேயே ஈரச் சந்தனத்தை அப்பிக் குங்குமம் வைத்தான். "புது வண்டிக்கே வைக்கிறோம், இதுக்கு இன்னா பாப்பா?"

நான் துணி எடுத்து வருவதற்குள் சுவிட்சைப் போட்டுவிட்டான். கருகல் வாடை வந்தது.

மாலையில் போர்டைக் கடைக்கு எடுத்துப் போனோம். கடைக்காரர் பொட்டைப் பார்த்தார். "இதுக்கு வாரண்டி கெடையாது சார்" என்றார், அப்போதும் அண்ணனிடம்தான்.