ஸ்டிக்கர் ஒட்டிய கண்ணாடி

கார்வர் மில்ஸ், வெர்மான்ட்
டிசம்பர் 18, திங்கள்

அன்பு மகள் மார்லாவுக்கு,

அங்கே நீ நன்றாக இருக்கிறாய் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நானும் நன்றாகவே இருக்கிறேன். உன் மகள்தான் நன்றாக இல்லை. நேற்று தொலைபேசியில், "ஒண்ணும் ஆகலம்மா, மார்ச்ல கிடைச்சிடும், நீ உன் வேலையப் பாரு" என்று ஹேட்டி உன்னிடம் சொன்னாளே, அது முழுப் பொய். நான் மேஜைக்கு எதிர்ப்பக்கம்தான் உட்கார்ந்திருந்தேன். சொல்லும்போது சட்டைக் கையின் நுனியைக் கடித்துக்கொண்டிருந்தாள். அந்த வயதில் பொய் சொன்னால் நீயும் அதைத்தான் செய்வாய்.

நான் ஏன் தொலைபேசியை வாங்கிப் பேசவில்லை என்று கேட்பாய். நான் சொல்வது தென்துருவத்துக்கு வந்து சேர்வதற்குள் நீ வேறு ஏதோ சொல்ல ஆரம்பித்துவிடுகிறாய். பிறகு இரண்டு பேரும் "என்னது, என்னது" என்று கத்திக்கொண்டிருப்போம். கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது.

ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். ஊரில் மற்ற பிள்ளைகள் எல்லாம் ஏழெட்டுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் போட்டுவிட்டு வசந்தகாலம் வரை காத்திருக்கிறார்கள். இவள் மட்டும் ஒரே கல்லூரிக்கு முன்கூட்டியே வாக்குக் கொடுத்துவிட்டாள். அவர்கள் வா என்றால் போயே தீர வேண்டும். அந்த வாக்குக்குப் பெற்றவளாக நீ அங்கிருந்தபடியே கையெழுத்துப் போட்டாய். வீட்டில் ஒரு கிழவன் இருக்கிறான், அவனிடம் ஒரு வார்த்தை கேட்போம் என்று உனக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. அக்டோபரில் அவளை என்னிடம் விட்டுப் போனபோது எந்தச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்று ஒரு பக்கம் சொன்னாய். இதைச் சொல்லவில்லை. நான் கேட்டதற்கு ஹேட்டி, "உங்களுக்குக் காலேஜுன்னாலே பிடிக்காதே தாத்தா" என்றாள். எனக்குக் கல்லூரி பிடிக்காது என்று யார் சொன்னது? பதினாறு வயதில் பள்ளியை விட்டேன். அதன்பின் நம்மூர் நூலகத்தில் படிக்காமல் விட்ட அலமாரி கிடையாது. யாரும் எனக்கு அனுமதிக் கடிதம் அனுப்பவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை. அவ்வளவுதான் நான் சொல்வது.

விண்ணப்பத்தோடு அனுப்பிய கட்டுரை என்னைப் பற்றியதாம். அனுப்பிய பிறகுதான் காட்டினாள். அதில் "என் தாத்தா பள்ளியிலிருந்து ஓடிவந்தவர்" என்று இருந்தது. "விலகியவர்" என்று எழுதியிருக்க வேண்டும் என்றேன். "ஓடிவந்தீங்கதானே? ஜன்னல் வழியா குதிச்சேன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றாள். அந்த ஒரு சொல்லால்கூடக் காரியம் கெட்டிருக்கலாம். நான் சொல்லிவைக்கிறேன்.

இனி உறை விஷயம். முடிவு வருவதற்கு முந்தின வாரம் அந்தக் கல்லூரியிலிருந்து ஹேட்டி பெயருக்குத் தபாலில் ஓர் உறை வந்தது. செங்கல் பருமன் இருந்தது. எங்கள் காலத்தில் ஊருக்கே தெரியும்: மெல்லிய உறை வந்தால் இல்லை, தடித்த உறை வந்தால் உண்டு. உனக்கு வந்ததும் தடித்த உறைதான், மறந்திருக்க மாட்டாய். அவள் பள்ளியில் இருந்தாள். நான் பிரித்தேன். பிறர் தபாலைப் பிரிக்கிற வழக்கம் எனக்கு இல்லை, ஆனால் அப்போது என்னவோ பிரித்துவிட்டேன். பளபளவென்று ஒரு படப் புத்தகம். அதற்குள் காரின் பின்கண்ணாடியில் ஒட்டுகிற ஸ்டிக்கர், கல்லூரிப் பெயர் போட்டது. இடம் கிடைத்த பிள்ளைகளின் வீட்டார் மட்டும்தான் அதை ஒட்டுவார்கள் என்பது உனக்குத் தெரியும். நான் என் டிரக்கின் பின்கண்ணாடியை நன்றாகத் துடைத்து, நடுவில், கோணாமல் ஒட்டினேன். ஒட்டிவிட்டு வெண்டல் கடைக்குக் காபி குடிக்கப் போனேன்.

வெண்டல் அடுப்பை விட்டுவிட்டுக் கரண்டியோடு வெளியே வந்து பார்த்தான். "யோவ் ஆர்வில், என்னய்யா இது, இந்த வயசுல காலேஜுல சேர்ந்துட்டியா? ஹாஸ்டல்ல மேல் கட்டில்ல ஏற முடியுமா உன்னால?" என்றான். "என் பேத்திக்குக் கிடைச்சிருக்குடா" என்றேன். கடையே கை தட்டியது. அன்று வெண்டல் என்னிடம் காசு வாங்கவில்லை. அவன் கடைசியாக அப்படி விட்டு ஐந்தாறு வருடம் இருக்கும்.

மாலையில் பேருந்திலிருந்து இறங்கியவள் டிரக்கைப் பார்த்தாள். பையைப் பனியிலேயே போட்டுவிட்டாள். "தாத்தா! இது விளம்பரம்! பேர் கொடுத்த எல்லாருக்கும் இத அனுப்புவாங்க! முடிவு கம்ப்யூட்டர்லதான் வரும், அடுத்த வாரம்! ஊருக்கெல்லாம் சொல்லிட்டீங்களா?" என்றாள். ஊருக்கெல்லாம் இல்லை, வெண்டல் கடையில் மட்டும்தான் என்றேன். அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். முடிவு வருவதற்கு முன்னால் ஸ்டிக்கர் ஒட்டினால் ராசி கெட்டுப்போகுமாம். படிக்கப் போவது பாறைகளைப் பற்றி, பேசுவது ராசியைப் பற்றி. எடுத்துவிடுகிறேன் என்று போனால் அது குளிரில் கண்ணாடியோடு கண்ணாடியாகிவிட்டிருந்தது. நகத்தால் சுரண்டியும் வரவில்லை.

அந்த வாரம் முழுக்க வீட்டில் சரியாகச் சாப்பாடு இல்லை. பள்ளிக்கு விடுமுறை வேண்டும் என்று பனிக்கு வேண்டிக்கொண்டு சின்னப் பிள்ளைகள் இரவுச் சட்டையை உள்வெளியாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு தூங்குமே, அப்படித் தூங்கினாள், பதினேழு வயதில். பனிதான் வந்தது. வெள்ளி மாலை ஏழு மணிக்கு முடிவு. என்னை அடுப்பு இருக்கிற அறைக்குப் போய் நிற்கச் சொன்னாள். நின்றேன். விறகை எடுத்துப் போடக்கூட இல்லை, சத்தம் கேட்குமே என்று. கிடைத்தவர்களுக்குத் திரையில் வண்ணக் காகிதம் பறக்குமாம், பாட்டு வருமாம். பாட்டு வரவில்லை. ரொம்ப நேரம் கழித்து வந்து அறை வாசலில் நின்றாள். "வேணாம்னு சொல்லல தாத்தா. வேணும்னும் சொல்லல. பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க" என்றாள். மற்ற எல்லாரோடும் சேர்த்து மறுபடி பார்த்து மார்ச் கடைசியில் சொல்வார்களாம்.

இல்லை என்றால் இல்லை என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே. அதைத்தான் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்தாள். "உங்களுக்குச் சந்தோஷமா இருக்குல்ல?" என்றாள். அடுப்புக் கதவு திறந்திருந்தது. அந்த வெளிச்சம் முகத்தில் அடித்தால் யாருக்கும் அப்படித்தான் தெரியும். அவளிடமும் இதைச் சொன்னேன். இந்த வீட்டில் தனியாக இருப்பது எனக்குப் புதிது அல்ல. நீ போன பிறகு இருந்தேன், உன் அம்மா போன பிறகும் இருக்கிறேன்.

சனிக்கிழமை காலை, அவள் எழுந்து பார்ப்பதற்குள் அந்த ஸ்டிக்கரை எடுத்துவிட வேண்டும் என்று வெளியே போனேன். கையில் கெண்டி. வெந்நீர். ஆம், நான்தான். உறைந்த கண்ணாடியில் வெந்நீர் ஊற்றக் கூடாது என்று ஊருக்கே சொல்லி வந்தவன் நான். ஒரு தடவை அப்படிச் செய்த வெண்டலை ஒவ்வொரு குளிர்காலத்திலும் கேலி செய்து வந்தவன் நான். பொறுமையாக இளஞ்சூட்டில் ஆரம்பித்திருக்கலாம். ஊற்றினேன். பின்கண்ணாடி முழுவதும் ஒரே நொடியில் கல்கண்டு மாதிரி உதிர்ந்து டிரக்குக்குள்ளும் வெளியேயும் கொட்டியது. ஸ்டிக்கர் ஒட்டியிருந்த இடம் மட்டும் உதிரவில்லை. அத்தனை சில்லுகளையும் பிடித்துக்கொண்டு ஒரு கை அகலத்துக்கு ஒரே பலகையாகப் பனியில் கிடந்தது.

சத்தம் கேட்டு ஹேட்டி என் பழைய கோட்டை மாட்டிக்கொண்டு ஓடிவந்தாள். என் கையில் கெண்டி ஆவி பறக்கிறது. டிரக்கைப் பார்த்தாள், கெண்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "தாத்தா... வெந்நீரா?" என்றாள். அவ்வளவுதான், சிரிக்க ஆரம்பித்துவிட்டாள். டிரக்கைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, குனிந்து குனிந்து சிரித்தாள். எனக்குக் கோபம்தான் வந்தது, இருந்தாலும் ஒரு வாரமாக அந்தச் சத்தத்தைக் கேட்கவில்லையே என்று பேசாமல் இருந்தேன். அப்புறம் பார்த்தால் அது சிரிப்பு இல்லை. எந்த இடத்தில் மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. கெண்டியைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றுகொண்டிருந்தேன்.

"எல்லாரும் பாக்கலாம்னுதான் சொல்றாங்க தாத்தா" என்றாள். எல்லாரும் என்றால் யார் என்று கேட்டேன். சொல்லவில்லை. நான் விடவில்லை, நான் எப்போது விட்டிருக்கிறேன். பிறகுதான் சொன்னாள். அங்கே வரப்போகிற குளிர்காலத்துக்கும் நீ சமைக்கிற அந்த ஆராய்ச்சி முகாமிலேயே இருந்து சமையலறையைப் பார்த்துக்கொள் என்று உன்னைக் கேட்டிருக்கிறார்களாம். பிப்ரவரி கடைசி விமானத்தை விட்டுவிட்டால், இங்கே இலை உதிரும் காலம் வரைக்கும் உன்னால் வெளியே வர முடியாதாம். "வருவியாம்மா?" என்று அவள் கேட்டதற்கு நீ "பார்க்கலாம்" என்றாயாம். "அதனால என்ன, இருக்கட்டும், அம்மாவுக்கு அந்த இடம் பிடிச்சிருக்கு, காலேஜ் விஷயத்த நானே சொல்லிக்கிறேன்" என்று மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மறுநாள்தான் உன்னிடம் ஒன்றும் ஆகவில்லை என்று சொன்னாள்.

பனியில் கிடந்த அந்தத் துண்டை எடுத்து அடுக்களை ஜன்னலில் நிறுத்தி வைத்திருக்கிறாள். தூக்கிப் போடு என்றேன். "இருக்கட்டும், அதுவா விழுந்தா விழட்டும்" என்றாள். டிரக்குக்குப் பின்னால் பிளாஸ்டிக் தாளை ஒட்டியிருக்கிறேன். ஓட்டும்போது படபடவென்று அடித்துக்கொள்கிறது, ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்பதில்லை. புதுக் கண்ணாடி எப்போது வரும் என்று கேட்டால் கடைக்காரனும் பார்க்கலாம் என்கிறான். வெண்டலோ, "எவ்வளவு சூடுய்யா? காபி போடுற சூடா, முட்டை வேகுற சூடா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டான். இனி நான் சாகிற வரைக்கும் கேட்பான்.

மார்லா, நான் யாரையும் கெஞ்சிப் பழக்கமில்லாதவன். உன்னையும் கெஞ்சவில்லை. நடந்ததைச் சொல்கிறேன். மார்ச் கடைசியில் அவள் மறுபடியும் அந்தக் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள். பாட்டு வந்தாலும் வராவிட்டாலும் அந்த அறையில் அவளோடு ஒருவர் இருக்க வேண்டும். என்னை அடுத்த அறைக்கு அனுப்பிவிடுவாள். உன்னை அனுப்ப மாட்டாள். பாட்டு வந்தால் ஆகஸ்டில் அவளைக் கொண்டுபோய் விடவும் ஒருவர் வேண்டும். காரில் ஒரு நாள் பயணம். திரும்பும்போது பக்கத்து இருக்கை காலியாக இருக்கும் என்பதை இப்போதே யோசித்துக்கொண்டிருக்கிற ஆள் நான் இல்லை.

இந்தக் கடிதம் உன் கைக்கு வர ஜனவரி ஆகிவிடும் என்று தபால் நிலையத்துப் பெண் சொன்னாள். அந்த மாதமே நீ முகாமுக்குப் பதில் சொல்ல வேண்டுமாமே. அவர்களுக்குச் சொல்வதற்கு முன் எங்களுக்கு எழுது. வருகிறேன் என்று எழுது, அல்லது வரவில்லை என்று எழுது. இரண்டில் எதுவானாலும் இந்த வீடு தாங்கும். பார்க்கலாம் என்று மட்டும் எழுதாதே.

குளிரில் காது மூடிக்கொள். இறைவன் உன்னைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஆர்வில் பெல்க்கி

மாடியில் உன் அறைக்கு ஹீட்டர் வைத்துவிட்டேன். குழாய் உறைந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான்.