கம்பியை மாற்றி ஒட்டவில்லை

ஏம்ஸ், அயோவா
மார்ச் 9

அன்பு மகள் கிர்ஸ்டனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம், ஜெர்மனியில் ட்ரெஸ்டன் குளிரில் நீயும் சளி இருமல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, நேற்று சர்ச் விருந்துக்கு இரண்டு ஆப்பிள் பை சுட்டாள். நல்ல சேதி அவ்வளவுதான், மற்றபடி உன்மேல் எனக்குக் கோபம்.

உன் ஆராய்ச்சிக்கு நான் அளந்து அனுப்பினதைப் பார்த்துவிட்டு, எங்கள் ஆய்வகத் தலைவர் பேராசிரியர் ஹால்வர்சனுக்கு நீ எழுதினாயாமே, அப்பாவுக்கு வயசாயிடுச்சு, கண்ணு சரியாத் தெரியலை, கம்பியை மாத்தி ஒட்டியிருப்பார் என்று. அவர் வந்து தோளில் தட்டி, வெர்லின், இந்த மாசத்தோட மேசையை லோரன்கிட்ட விட்டுட்டு ஸ்டோர் ரூமைப் பார்த்துக்கங்க என்கிறார். தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை இருபத்தெட்டு வருஷமாக ஒட்டுகிற கை இது. பொட்டாசியம் கலந்த இரும்புப் படிகத்தில், அழுத்திப் பிடித்த திசையில் மின்தடை குறைந்து வந்தது, அதுதானே உன் சந்தேகம்? கோபால்ட் கலந்ததில் அந்தத் திசையில் கூடும், அதையே பார்த்துப் பழகிவிட்டோம், அதற்காக எல்லாப் படிகமும் அப்படித்தான் நடக்க வேண்டும் என்று சட்டமா?

செவ்வாய்க்கிழமை, என் மேசைக்கு வரப்போகிற அந்தப் பையன் லோரனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பழைய கோபால்ட் படிகத்தை அதே பிடியில் வைத்து, திருகை முடுக்கிக் குளிரவைத்தேன். அழுத்தின திசையில் தடை கூடியது, எப்போதும் போல. அப்புறம் பொட்டாசியம் கலந்ததில் புதுத் துண்டு ஒன்றை எடுத்து லோரனே கம்பி ஒட்டினான், என் கை படவில்லை. அதே திசையில் குறைந்தது. அவன் வாயைப் பிளந்துவிட்டு, யோவ் பெருசு, உன் பொண்ணுக்கு ஜாக்பாட், உனக்கு ஸ்டோர் ரூமா என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ சந்தேகப்பட்டது தப்பில்லை. ஞாயிறுதோறும் போனில் அரை மணி நேரம் பேசுகிறாய், பனி பெய்ததா, நாய் சாப்பிட்டதா என்று கேட்கிறாய், கம்பி ஒட்டினவனிடம் கம்பியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்க வாய் வரவில்லையா? அம்மாகூட, சின்னப் பொண்ணு, விட்டுடுங்க என்கிறாள். முப்பத்துநாலு வயது சின்னப் பொண்ணா?

அளவுகளை இத்துடன் வைத்திருக்கிறேன். நானே ஹால்வர்சனிடம் காட்டினால் கிழவன் மேசைக்காக மல்லுக்கட்டுகிறான் என்பார், அதனால் காட்டவில்லை. இந்தப் புது விஷயத்தைப் பற்றிய கட்டுரை உன் பெயரில் வரட்டும், கடவுள் உன்னை நன்றாக வைக்கட்டும், வேளாவேளைக்குச் சாப்பிடு. மறக்காமல் மாதம் முடிவதற்குள் அவருக்கு எழுது. அதில் அப்பா என்று எழுதாதே, வெர்லின் ட்யாடன் ஒட்டின கம்பி சரி என்று எழுது.

அன்புடன்,
அப்பா