பதினொரு நிமிட மன்னிப்பு

வொனொகிரி கிடங்கு
31 மே 2019, வெள்ளி, காலை 10.20

மதிப்புக்குரிய பாக் மர்தோனோ அவர்களுக்கு,

நலமாகத்தான் இருப்பீர்கள். உங்களுக்கு என்ன குறை?

இன்று காலை 9.40க்கு 'மன்னிப்பு' என்ற தலைப்பில் எனக்கு ஒரு மெயில் அனுப்பியிருக்கிறீர்கள். 9.51க்கு, 'மர்தோனோ அவர்கள் அந்த மெயிலைத் திரும்பப் பெறுகிறார்' என்று ஓர் அறிவிப்பு வந்தது. இப்போது என் கணினியில் மெயில் இல்லை. அறிவிப்பு மட்டும் பல்லை இளித்துக்கொண்டு இருக்கிறது.

ஐம்பத்திரண்டு பெருநாள் பார்த்துவிட்டேன். ஜாவாவில் கோழி திருடினவன்கூட நோன்புப் பெருநாளுக்கு வீடேறி வந்து, கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்பான். அடுத்த வாரம் மறுபடி திருடுவான், அது வேறு விஷயம். ஆனால் கேட்ட மன்னிப்பைப் பதினொரு நிமிடத்தில் திருப்பி வாங்கிக்கொண்டு போனவன் ஒருத்தனும் இல்லை. அந்தப் பெருமை சோலோவில் உள்ள நம் சோயா சாஸ் கம்பெனியின் உற்பத்தித் தலைவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. வாழ்த்துகள்.

அந்த மெயிலில் என்ன எழுதியிருந்தீர்கள்? ஜூன் 13 அன்று என் மேல் விசாரணை. ஏழாம் தொட்டிச் சாஸைப் பரிசோதிக்காமலே வெளியே விட்டேன் என்று குற்றச்சாட்டு; அதுவரை என்னைச் சோலோவிலிருந்து இந்தக் கிடங்குக்குத் தள்ளியிருக்கிறார்கள். வேலை போகும், பேரும் போகும். என் ரப்பர் ஸ்டாம்பைக் குத்தியது யார் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். அதனால்தான் கேட்கிறேன், என்ன எழுதினீர்கள்?

குஸ்வரினி
தரப் பரிசோதகர் (இப்போதைக்குக் காலி பாட்டில் எண்ணுபவர்)


சோலோ
31 மே 2019, பகல் 11.35

அன்புத் தங்கச்சி குஸ்வரினிக்கு,

அண்ணன் மர்தோனோவின் அன்பும் ஆசியும். வீட்டில் எல்லோரும் சுகம்தானே? நோன்பு நேரத்தில் இவ்வளவு கோபம் கூடாது அம்மா, உடம்புக்கு ஆகாது.

விஷயம் ஒன்றுமே இல்லை. வருடா வருடம் எல்லோருக்கும் அனுப்பும் பெருநாள் வாழ்த்துதான் அது. கீழே இயக்குநர் பெயரையும் போட்டிருந்தேன், அவருடைய இன்ஜினியர் பட்டம் விட்டுப்போய்விட்டது. அவர் எப்படிப்பட்டவர் என்று உனக்குத் தெரியுமே. பதறிப்போய்த் திரும்ப எடுத்தேன். சரிசெய்த மெயில் இதோ:

'இனிய பெருநாள் வாழ்த்துகள். தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளை உள்ளும் புறமும் மன்னிப்பீர்களாக.'

இதற்குப் போய் ஒரு சண்டையா?

விசாரணையைப் பற்றி அண்ணன் ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். 'அம்மா போன துக்கத்தில் கவனம் தவறிவிட்டது' என்று சொல்லிவிடு. அவர்களும் மனுஷர்கள்தானே. ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு முடிக்கச் சொல்வது என் பொறுப்பு. அன்னாசி பிஸ்கட் ஒரு டின் வண்டிக்காரரிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். உன் அண்ணி கையால் செய்தது.

உன் நலம் நாடும்
மர்தோனோ


வொனொகிரி
1 ஜூன் 2019

பாக் மர்தோனோ,

இந்தத் தங்கச்சி, அண்ணன் எல்லாம் வேண்டாம். பத்தொன்பது வருஷம் ஒரே கூரையின்கீழ் வேலை செய்தபோது நீங்கள் எனக்கு 'பாக்', நான் உங்களுக்கு 'இபு குஸ்வரினி'; ஐயா, அம்மா என்ற மரியாதை மட்டும்தான். மாட்டிக்கொண்டதும் தங்கச்சி ஆகிவிட்டேனாக்கும்.

பட்டம் விட்டுப்போயிற்றாம். பொய் சொல்வதிலாவது கொஞ்சம் உழைக்கக் கூடாதா? எல்லோருக்கும் போன வாழ்த்து என்றால், திரும்பப் பெறும் அறிவிப்பும் எல்லோருக்கும் போயிருக்க வேண்டும். சோலோவில் நாலு பேருக்குப் போன் போட்டேன். வாசல் காவலர் சூரிப்தோவிடமும் கேட்டேன். "எனக்கா? மன்னிப்பா? அவரு எனக்கு வணக்கம் சொன்னாலே சுவத்துல கோடு போட்டு வைப்பேன் இபு" என்கிறார். ஒருத்தருக்கும் வரவில்லை. எனக்கு மட்டும்தான் வந்திருக்கிறது.

பிப்ரவரியில் என் அம்மாவின் ஏழாம் நாள் சடங்குக்காக நான் கிளாத்தெனில் இருந்தேன். தொட்டியில் இன்னும் நொதிப்பு நிற்கவில்லை, நுரை அடங்கவில்லை, ஐந்து நாளாவது பொறுக்க வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுத்தான் போனேன். நோன்புக்கு முன் சரக்குப் போக வேண்டும் என்று உங்களுக்கு அவசரம். என் மேஜை டிராயரைத் திறந்தீர்கள். ஸ்டாம்பை எடுத்தீர்கள். தேதியை மூன்று நாள் முன்னால் போட்டு, நான் சோலோவில் இருந்தபோதே குத்தியதாகக் காட்டினீர்கள். நான் எழுதி வைத்த தாளும் மாயமாகிவிட்டது. ஏப்ரலில் கடைகளில் பாட்டில்கள் வெடித்தன. ஓலைக்கூட்டில் வேகவைத்த கெத்துபாத் சோறு விற்கும் ஒரு பெண்ணுக்கு உள்ளங்கையில் ஏழு தையல். அவள் என்னைத்தான் தேடி வந்தாள். "உங்க பேருதானே தாள்ல இருக்கு? இனி இந்தக் கையால நான் ஓலை பின்ன முடியுமாம்மா?" என்று கேட்டாள். அப்போது நீங்கள் இயக்குநருடன் மீன் பிடிக்கப் போயிருந்தீர்கள்.

பிஸ்கட் வந்தது. வண்டிக்காரரே சாப்பிடட்டும் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஊருக்குச் சொல்ல வேண்டாம். எனக்கு மட்டும் ஒரு வரி எழுதுங்கள், 'குத்தியது நான்' என்று. மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

குஸ்வரினி


சோலோ
3 ஜூன் 2019

இபு குஸ்வரினி,

பொறுமைக்கும் ஓர் எல்லை உண்டு.

நீங்கள் சொல்கிற மெயில் எதுவும் இல்லை. நான் எடுத்த பிறகு என் திரையில் பச்சையாகவே வந்தது: 'பெறுநர் படிக்கவில்லை. திரும்பப் பெறுதல் வெற்றி.' படிக்காத மெயிலில் என்ன இருந்தது என்று எதை வைத்துப் பேசுகிறீர்கள்? டிராயர், தேதி, தாள் எல்லாம் உங்கள் கற்பனை. எழுத்தில் எங்கேயாவது இருக்கிறதா? எழுத்தில் இருப்பது உங்கள் ஸ்டாம்ப் மட்டும்தான்.

உங்கள் வயதில் ஒரு பெண் கிடங்கில் தனியாக உட்கார்ந்திருந்தால் மனது என்னென்னவோ நினைக்கும். அதை நான் பெரிதுபடுத்த மாட்டேன்.

பத்தாம் தேதி ஆபீஸ் திறந்ததும் வழக்கம்போல் எல்லோரும் வரிசையில் நின்று கை கொடுத்து மன்னிப்புக் கேட்டுக்கொள்ளும் கூட்டம் இருக்கிறது. வாருங்கள். நாலு பேர் பார்க்கக் கை கொடுப்போம். உங்களுக்கும் மரியாதை, எனக்கும் மரியாதை.

மர்தோனோ


வொனொகிரி
4 ஜூன் 2019, காலை

பாக் மர்தோனோ,

உங்கள் பச்சை எழுத்து பொய் சொல்லவில்லை. அதற்கு பொனிராவைத் தெரியாது, அவ்வளவுதான்.

உங்களுக்கும் தெரியாது. கிடங்கு எழுத்தர்களின் பெயர் எல்லாம் உங்களுக்கு எதற்கு? இங்கே முப்பது வருஷமாக இருக்கிறாள். தலைமையிடத்திலிருந்து வரும் மெயில் எல்லாம் எங்கள் கிளைக்கு ஒரே பெட்டியில்தான் விழும். வந்த நிமிடமே பொனிரா திறப்பாள், தாளில் அச்செடுப்பாள், 'வரப்பெற்றது' என்று ஸ்டாம்ப் குத்துவாள், நேரம் போட்டுப் பதிவேட்டில் எண் ஏற்றுவாள். அதோடு விடமாட்டாள். திறந்த மெயிலை மறுபடி 'படிக்காதது' என்று மாற்றி வைப்பாள். ஏன் என்று ஒரு தடவை கேட்டேன். "உங்க பேருக்கு வந்த லெட்டரை நான் மொதல்ல படிச்சேன்னு தெரிஞ்சா நல்லாவா இருக்கும்? கறுப்பா கொட்டை எழுத்துல இருந்தாத்தான் உங்களுக்கு ஒரு மரியாதை" என்றாள். அப்படித்தான் உங்கள் கணினி ஏமாந்தது.

வரப்பெற்ற எண் 412. மே 31, காலை 9.42. தாள் என் எதிரில் இருக்கிறது. நீங்கள் எழுதியதை உங்களுக்கே படித்துக் காட்டுகிறேன்:

'ஏழாம் தொட்டித் தாளில் ஸ்டாம்ப் குத்தியது நான். தேதியை மாற்றியதும் நான். இபு எழுதி வைத்ததைக் கிழித்ததும் நான். மூன்று மாதமாக என்னால் தொழுகையில் நிற்க முடியவில்லை. மன்னிப்புக்குத் தகுதியில்லாதவன் கேட்கிறேன்.'

நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். இதை எழுதிய மனுஷன் பதினொரு நிமிடம் உயிரோடு இருந்திருக்கிறான். அதற்குப் பிறகு எழுதுவதெல்லாம் வேறு யாரோ.

இரண்டு தடவை கேட்டேன். ஒரு தடவை பட்டம் என்றீர்கள், ஒரு தடவை கற்பனை என்றீர்கள், கடைசியில் என் வயதை இழுத்தீர்கள். தூ!

குஸ்வரினி


சோலோ
4 ஜூன் 2019, பகல்

அன்புள்ள இபு குஸ்வரினி அவர்களுக்கு,

நான் எழுதியது அத்தனையும் உண்மை. அதை மனசாரத்தான் எழுதினேன், நம்புங்கள்.

அனுப்பி ஏழு நிமிடம்கூட ஆகவில்லை, இயக்குநர் போன் செய்தார். "மர்தோனோ, பெருநாள் முடிஞ்சதும் ஆலை மேலாளர் நீதான்யா. வீட்ல சொல்லிடு" என்றார். நான் என்ன செய்வேன், சொல்லுங்கள்? நாலு நிமிடம் அந்தத் திரையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். என் மகள் லாரஸுக்கு இம்மாதம் 22 அன்று கல்யாணம். சம்பந்தி வீட்டார் பெரிய இடம். அப்பன் கள்ள ஸ்டாம்ப் குத்தினவன் என்று தெரிந்தால் அவள் கதி என்ன?

அந்தத் தாளை என்னிடம் கொடுத்துவிடுங்கள், அல்லது கிழித்துவிடுங்கள். நாளை பெருநாள். உங்கள் காலைத் தொட்டுக் கேட்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், மன்னியுங்கள். மேலாளர் ஆன கையோடு உங்களைச் சோலோவுக்குத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்கிறேன். தலைமைப் பரிசோதகர் பதவி. சத்தியம்.

கூனிக் குறுகிய
மர்தோனோ


வொனொகிரி
11 ஜூன் 2019

பாக் மர்தோனோ,

நேற்றுக் கை கொடுக்கும் வரிசைக்கு நான் வரவில்லை. நீங்கள் வாசலையே பார்த்துக்கொண்டு நின்றீர்களாம், சூரிப்தோ சொன்னார்.

நான் சோலோவில்தான் இருந்தேன். மாடியில், விசாரணைக் குழுத் தலைவர் அறையில். 412 எண் தாளையும் பொனிராவின் பதிவேட்டையும் கொடுத்துவிட்டு வந்தேன். பொனிராவும் கூட வந்தாள், இருக்கிறதிலேயே நல்ல உடுப்பைப் போட்டுக்கொண்டு. நடந்ததை அவளே சொன்னாள். நீங்கள் அந்த மெயிலை அனுப்பிய நேரமும் எடுத்த நேரமும் கணினிப் பிரிவிலும் இருக்கிறதாம். கேட்டு வாங்கியிருக்கிறார்கள். பதிமூன்றாம் தேதி எனக்காகப் போட்ட நாற்காலியில் நீங்கள் உட்காருவீர்கள்.

தலைமைப் பரிசோதகர் பதவி தருகிறீர்களாம். கிழித்துப் போட்ட என் எழுத்துக்கு விலை பேசுகிறீர்கள். இப்போதும் உங்களுக்கு நான் யார் என்று புரியவில்லை, அதுதான் அருவருப்பாக இருக்கிறது.

லாரஸைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நல்ல பெண். என் அம்மா இறந்தபோது கிளாத்தென் வரை பஸ்ஸில் தனியாக வந்து, பாத்திரம்கூடக் கழுவிக் கொடுத்தாள். அவளுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். இதைத் தெரிந்துகொண்டுதான் நீங்கள் தூங்க வேண்டும்.

அன்று காலை பொனிரா அந்தத் தாளைக் கொண்டுவந்து கிடங்கு வாசலில் என் கையில் கொடுத்தாள். நின்றபடியே படித்தேன். காலி பாட்டில் பெட்டி மேல் உட்கார்ந்து அழுதேன், பொனிரா பார்க்கிறாளே என்றுகூட இல்லாமல். பிறகு உள்ளே போய் உங்களுக்குப் பதில் எழுத உட்கார்ந்தேன். இரண்டே வரி:

'மன்னித்துவிட்டேன், பாக். விசாரணையில் என் கவனக்குறைவு என்றே சொல்லிக்கொள்கிறேன், லாரஸ் கல்யாணம் நல்லபடியாக நடக்கட்டும்.'

என் வேலையைவிட, என் பேரைவிட, நீங்கள் என்னிடம் உண்மை சொன்னது போதும் என்று அந்த நிமிடம் தோன்றியது. பைத்தியக்காரி நான். அனுப்பும் பொத்தானில் விரலை வைத்தபோது 9.51. உங்கள் அறிவிப்பு வந்து விழுந்தது.

இன்னும் ஒரு நிமிடம் நீங்கள் சும்மா இருந்திருந்தால் போதும், பாக் மர்தோனோ. எல்லாம் உங்களுக்கே கிடைத்திருக்கும்.

குஸ்வரினி